முறுக்கு டின்களும் ஒன்றரை மடங்கு உத்தரவாதமும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள அக்கா வீட்டு வரவேற்பறை முறுக்கு டின்களால் நிறைந்துவிடும். அக்கா பிழிவார், அத்தான் காரில் கொண்டுபோய்க் கொடுப்பார். உட்லண்ட்ஸில் ஒரு வீடு, தெம்பனிஸில் இரண்டு, தோ பாயோவில் ஒன்று என்று பட்டியல் நீளும். "எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? நீதான் கணக்குப் படித்தவனாயிற்றே, சொல்" என்று ஒவ்வோர் ஆண்டும் அத்தான் கேட்பார்.

கணிதத்தில் இதற்கு 'விற்பனையாளர் பயணச் சிக்கல்' என்று பெயர். புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒருமுறை போக வேண்டும். மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். 10 வீடுகள் என்றால் சுற்றிவர 18 லட்சத்துக்கும் அதிகமான வழிகள் உண்டு. 20 வீடுகள் என்றால்? விநாடிக்கு 100 கோடி வழிகளை அளந்து பார்க்கும் கணினி, எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 38 ஆண்டுகளுக்கு மேலாகும். எல்லாவற்றையும் அளக்காமலே விடை காணும் கூர்மையான உத்திகளும் உண்டு. 2006இல் 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்குக்கே மிகக் குறைந்த வழியைக் கண்டுபிடித்து உறுதிப்படுத்தினார்கள். ஆனால் எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் விரைவாக முடித்துவிடும் என்று உறுதியளிக்கும் முறை எதுவும் இன்றுவரை இல்லை.

அப்படியானால் மிகக் குறைந்த வழியைத் தேடுவதை விட்டுவிட்டு, 'அதைவிட இத்தனை மடங்குக்கு மேல் போகாது' என்று எழுதிக் கொடுக்க முடியுமா? கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கருத்தரங்க அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கேள்வியின் அழகு எனக்குப் புரிந்தது. சேர்வியல் (பொருள்களை எத்தனை விதமாக அடுக்கலாம், சேர்க்கலாம் என்று ஆராயும் கணிதம்), உகப்பாக்கம் (இருப்பதிலேயே சிறந்த விடையைத் தேடும் கணிதம்) பற்றிய கருத்தரங்குகளில் பேசுபவர் வெண்பலகையில் ஒரு முறையை எழுதுவார். கேட்பவர்களோ, அந்த முறை தோற்றுப்போகும்படி வீடுகளை எங்கெங்கே வைக்கலாம் என்று மனத்துக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் கையை உயர்த்தி, "எல்லா வீடும் ஒரே கோட்டில் இருந்தால்?" என்பார். பலகையில் இருப்பது அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும். பகையாளியே முகவரிகளைத் தேர்ந்தெடுத்தாலும் பொய்க்காத வாக்குறுதிதான் அங்கே தேடப்படுகிறது.

அன்று பலகையில் இருந்தது, 1976இல் நிக்கோஸ் கிறிஸ்டோஃபிடெஸ் கண்ட முறை. ஏறக்குறைய அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் செர்டியுகோவும் தனியாக இதைக் கண்டடைந்தார். அத்தானின் பட்டியலிலிருந்து ஐந்து இடங்களை எடுத்துக்கொண்டு அதை நடத்திப் பார்ப்போம்.

முதலில், சுற்றி வருவதை மறந்துவிட்டு, எல்லா இடங்களையும் மிகக் குறைந்த கோட்டு நீளத்தில் இணைக்க வேண்டும். ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஒரு கோடு, அங் மோ கியோவுக்கு ஒரு கோடு. அங் மோ கியோவிலிருந்து தோ பாயோவுக்கும் செங்காங்குக்கும் ஒவ்வொன்று. கிளை பிரிவதால் இதை 'மரம்' என்கிறார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது: இருப்பதிலேயே குட்டையான கோட்டை எடுத்துக்கொண்டே போக வேண்டும், வளையம் உண்டாக்கும் கோட்டை மட்டும் விட்டுவிட வேண்டும்.

இந்த மரத்தின் நீளம், நமக்குத் தெரியாத அந்தச் சிறந்த சுற்றின் நீளத்தைத் தாண்டவே தாண்டாது. காரணம் ஒரே வரிதான். சிறந்த சுற்றில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மிஞ்சுவதும் எல்லா இடங்களையும் இணைக்கும் ஒரு மரமே. நம்முடையதோ மரங்களிலேயே குட்டையானது. கண்ணால் பார்த்திராத ஒன்றை அளந்துவிட்டோம்! இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வரி எனக்கு மெய்சிலிர்க்க வைக்கிறது.

மரத்தின் ஒவ்வொரு கோட்டிலும் போய்த் திரும்பினால் எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். தூரம் இரண்டு மடங்குக்குள் அடங்கும். அதையும் குறைக்கத்தான் அடுத்த படி. ஒவ்வோர் இடத்திலும் எத்தனை கோடுகள் சேர்கின்றன என்று எண்ணுங்கள். ஈசூனில் இரண்டு. உட்லண்ட்ஸ், தோ பாயோ, செங்காங்கில் ஒவ்வொன்று, அங் மோ கியோவில் மூன்று. ஒற்றைப்படை இடங்கள் நான்கு. இந்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகத்தான் வரும், ஏனெனில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனைகள். ஆகவே ஒருவரும் தனித்து நிற்காமல் அவற்றை ஜோடி சேர்க்க முடியும். மொத்தத் தூரம் மிகக் குறையும்படி ஜோடி சேர்க்கும் விரைவான வழியை 1965இல் ஜாக் எட்மண்ட்ஸ் கொடுத்துவிட்டார்.

ஜோடிக் கோடுகளையும் வரைந்துவிட்டால் எல்லா இடத்திலும் இரட்டைப்படை ஆகிவிடும். அப்போது ஒவ்வொரு கோட்டிலும் சரியாக ஒருமுறை சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடியும். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றாக ஒரே ஒருமுறை கடந்துவர முடியுமா என்று 1736இல் கணிதமேதை ஆய்லர் சிந்தித்ததிலிருந்து வந்த உண்மை இது. ஏற்கெனவே பார்த்த வீடு வழியில் வந்தால் அதைத் தவிர்த்து நேராக அடுத்ததற்குப் போகலாம். நேர்வழி சுற்றுவழியைவிட நீளமாகாது.

ஜோடிக் கோடுகளுக்கு எவ்வளவு செலவு? மீண்டும் அந்தத் தெரியாத சிறந்த சுற்றையே கூப்பிடுவோம். அதில் ஒற்றைப்படை இடங்களில் மட்டும் நின்று போவதாக வைத்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பகுதிகளை எடுத்தால் இரண்டு ஜோடி சேர்ப்புகள் கிடைக்கும். இரண்டில் குட்டையானது பாதிக்கு மேல் இருக்க முடியாது. மரத்துக்கு ஒரு மடங்கு, ஜோடிக்கு அரை மடங்கு. ஆக, ஒன்றரை. எந்தத் தீவில், எந்த மூலையில் வீடுகள் இருந்தாலும் ஒன்றரை மடங்கைத் தாண்டாது.

இந்த ஒன்றரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அன்னா கார்லின், நேதன் கிளைன், ஷயான் ஓவெய்ஸ் கரான் மூவரும் அதை அசைத்தார்கள். அவர்கள் நிறுவிய குறைப்பு, தசமப் புள்ளிக்குப் பின் 35 சுழியங்களைத் தாண்டிய பிறகே கண்ணுக்குத் தெரியும் அளவு. அத்தானுக்கு அதனால் ஒரு துளி பெட்ரோல்கூட மிச்சமாகாது. ஆனாலும், ஒன்றரை என்பது இயற்கை போட்ட எல்லைக்கோடோ என்ற சந்தேகம் அன்று தீர்ந்தது. மூன்றில் நான்கு (4/3) மடங்குவரை இறங்க முடியும் என்று பலர் நம்புகிறார்கள்; நிறுவியவர் யாருமில்லை.

போன தீபாவளிக்கு இதையெல்லாம் அத்தானிடம் தாளில் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிராங்கூன் சாலை தேக்காவில் ஒருவழிப் பாதை ஆயிற்றே? போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றில்லையே?" என்றார். கருத்தரங்கில் கையை உயர்த்துபவர் கேட்கும் கேள்வியேதான் அது. போகும் தூரமும் வரும் தூரமும் வேறுபட்டால் மேலே சொன்ன ஜோடி வாதம் உடைந்துபோகும். அந்த வகைக்கு, வீடுகள் எத்தனை கூடினாலும் மாறாத ஒரு மடங்கு வரம்பு உண்டு என்பதையே 2017இல்தான் ஸ்வென்சன், தர்னாவ்ஸ்கி, வேக் ஆகிய மூவர் நிறுவினார்கள். அந்த வரம்பு இன்னும் ஒன்றரைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. அத்தானிடம் அதைச் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் டின்னை எடுத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தார்.