குழாய் வைக்காமல் மூளை நீரை வடிக்க முடியுமா?

மூளையில் நீர் தேங்கியிருக்கிறது என்று சொன்னதும் பெற்றோர் பலர் கேட்பது, "டாக்டர், ட்யூப் வைக்காம கேமரா ஆபரேஷனா செய்ய முடியாதா?" என்பதுதான். முடியும். ஆனால் எல்லோருக்கும் இல்லை.

மூளைக்குள் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் நீர் சுரக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது 150 மில்லி அளவுதான். பழையது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். மூளைக்குள் இந்த நீர் நிறைந்த நான்கு அறைகள் உண்டு. அதில் மூன்றாம் அறையிலிருந்து நான்காம் அறைக்குப் போகும் வழி ரொம்பக் குறுகல். பிறவியிலேயே அது சுருங்கியிருந்தாலோ, பக்கத்தில் கட்டி வந்து அழுத்தினாலோ மேலே உள்ள அறைகள் வீங்கிவிடும். தலைவலி, காலையில் எழுந்ததும் வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் அதனால்தான். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைக்கும், தலை வேகமாகப் பெரிதாகும்.

கேமரா ஆபரேஷன் என்று நீங்கள் சொல்லும் எண்டோஸ்கோப்பி முறையில் நாங்கள் அந்த அடைப்பைத் தொடுவதே இல்லை. மண்டையோட்டின் முன்பக்கம் சிறு துளை போட்டு, கருவியை மூன்றாம் அறைக்குள் இறக்கி, அதன் மெல்லிய தரையில் ஓட்டை போட்டு, குட்டி பலூனால் அகலப்படுத்துகிறோம். நீர் அந்த வழியாக மூளையைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு வந்துவிடும். தரைக்கு அடியிலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கிய ரத்தக்குழாயான பேசிலார் தமனி ஓடுகிறது. எத்தனை முறை செய்தாலும் அந்த இடத்தில் கை நிதானமாகத்தான் போகும். 1923இல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர் என்ற மருத்துவர், சிறுநீர்ப்பாதையைப் பார்க்கும் கருவியை வைத்தே ஒரு குழந்தைக்கு இதைச் செய்தார்!

சரி, யாருக்குப் பலன் அதிகம்? ஒரு வயது தாண்டி, மேலே சொன்ன மாதிரி வழி அடைபட்டவர்களுக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், காசநோய் மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு நீர் தேங்கியவர்களுக்கும் வாய்ப்பு குறைவு. அங்கே நீரை மூளையிலிருந்து பெரும்பாலும் வயிற்றுக்குள் வடிக்கும் ஷன்ட் குழாயே சரியாக இருக்கலாம். அதை மட்டமான வைத்தியம் என்று நினைக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் அறைகள் இன்னும் பெரிதாகவே தெரிந்தால் பயப்படாதீர்கள், அவை முழுதாகச் சுருங்காமலும் போகலாம். குழந்தை எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. குழாய் இல்லையே என்று சிலர் செக்கப்புக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். போட்ட ஓட்டை மூடிக்கொள்ளலாம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில், அபூர்வமாகப் பல வருடம் கழித்தும். தலைவலியும் வாந்தியும் திரும்பினால், குழந்தை தூங்கி வழிந்தால், வாயு மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் நேராக நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து அப்பா, அம்மா இருவர் போனிலும் வைத்திருங்கள். பள்ளியிலும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.