அசாஸுகே செய்தால் இரண்டு நாளில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் பெண் போன் செய்தாள். மதுரைக்காரி. கல்யாணமாகி டோக்கியோவின் நிஷி கசாய் பகுதிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "அக்கா, வெள்ளரிக்காய் அசாஸுகே போட்டேன். பாட்டில்ல மேல நுரை கட்டியிருக்கு. நல்லா ஊறிருச்சுன்னு அர்த்தமா?" என்றாள்.

எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். மூன்று நாளாம். எங்கே வைத்திருக்கிறாய் என்றால், வெயில் விழும் ஜன்னலோரத்தில். "ஊறுகாய்தானேக்கா, அம்மா எலுமிச்சைய வெயில்லதான் வைப்பாங்க" என்றாள். மொத்தத்தையும் கொட்டிவிட்டு பாட்டிலைக் கொதிநீரில் கழுவச் சொன்னேன். நல்லவேளை, இன்னும் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஜப்பானியத்தில் 'சுகேமோனோ' என்றால் ஊறவைத்தது என்று பொருள். நம் 'ஊறுகாய்' என்ற சொல்லிலும் அதே ஊறல்தான் இருக்கிறது. அசாஸுகேயை யாராவது தமிழில் விளக்கினால் 'ஜப்பான் ஊறுகாய்' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லோடு சேர்ந்து, மாதக்கணக்கில் கெடாது என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது. அசாஸுகேயில் 'அசா' என்றால் ஆழமில்லாதது, மேலோட்டமானது. அரை மணி நேரத்திலிருந்து ஓரிரவு வரை லேசாக உப்பில் ஊறிய பச்சைக் காய், அவ்வளவுதான். அது சாலட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

நான் உணவு நுண்ணுயிரியல் படித்தவள். இங்கே ஓர் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கடைகளுக்குப் போகும் அசாஸுகே எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும். 25 கிராம் வெட்டி, கிருமிநீக்கிய பையில் 225 மில்லி திரவத்தோடு போட்டு, இயந்திரத்தில் நசுக்கிக் கலக்குவோம். அதை வளர்த்தெடுத்து ஒரு சிவப்பு ஊடகத் தட்டில் தடவி, மறுநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். குடலில் வாழும் ஈ.கோலை கிருமியின் சாதாரண வகை அதில் இளஞ்சிவப்புப் புள்ளியாக முளைக்கும். நிறமே இல்லாத வெளிறிய புள்ளி தெரிந்தால் எல்லோருடைய பேச்சும் நின்றுவிடும். ஓ157 என்ற ஆபத்தான வகை அப்படித்தான் முளைக்கும். பல சமயம் அது வேறு ஏதோ சாதாரணக் கிருமியாக இருந்துவிடும். ஆனாலும் மேல்பரிசோதனை முடியும் வரை மனசு அடித்துக்கொள்ளும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் ஹொக்காய்டோ தீவில், சப்போரோ நகரத்தில் ஒரு நிறுவனம் தயாரித்த ஹக்குசாய் அசாஸுகே முதியோர் இல்லங்களுக்கும் கடைகளுக்கும் போனது. ஹக்குசாய் என்பது இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் நீளமான சீன முட்டைக்கோஸ். அதில் ஓ157 இருந்தது. 169 பேர் நோயுற்றார்கள், 8 பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் முதியவர்கள், கூடவே ஒரு சின்னக் குழந்தையும். இரண்டே வருடம் கழித்து, 2014 ஜூலையில் ஷிசுவோகா நகரத்தில் வாணவேடிக்கைத் திருவிழா. கோடை வெயிலுக்கு இதமாக, லேசாக ஊறவைத்துக் குளிர்வித்துக் குச்சியில் குத்திய வெள்ளரிக்காயை ஒரு கடையில் விற்றார்கள். அதைச் சாப்பிட்ட 510 பேருக்கு ஓ157 பாதிப்பு.

முட்டைக்கோஸும் வெள்ளரிக்காயும்தான். இறைச்சி இல்லை, மீன் இல்லை. சைவம்தானே, காய்கறிதானே என்று நாம் அலட்சியமாக இருக்கும் இடம் அது.

ஹொக்காய்டோ சம்பவத்துக்குப் பிறகு, அதே 2012-லேயே அரசு விதியைக் கடுமையாக்கியது. விற்பனைக்கு அசாஸுகே செய்பவர்கள் காயை 75 டிகிரியில் ஒரு நிமிடம் சூடாக்க வேண்டும். இல்லையென்றால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவுள்ள குளோரின் கரைசலில் 10 நிமிடமோ, 200 மில்லிகிராம் கரைசலில் 5 நிமிடமோ வைத்து, பிறகு கழுவ வேண்டும். வைப்பதும் கொண்டுபோவதும் 10 டிகிரிக்குக் கீழே. 2021-ல் ஊறுகாய் தயாரிப்புக்கே உரிமம் கட்டாயம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்து, 2024 மே மாதத்தோடு அவகாசமும் முடிந்தது. வீட்டுச் சமையலறையில் செய்து, நெடுஞ்சாலையோரச் சந்தைகளில் விற்றுவந்த கிராமத்துப் பாட்டிகள் பலர், தனிச் சமையலறை கட்ட வழியில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் விதி வந்த காரணத்தை என்னால் மறுக்க முடியாது.

உப்புதான் இருக்கிறதே, கிருமி எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். அளவைப் பாருங்கள். பழைய முறையில் போடும் உமேபோஷியில், அதாவது உமே என்ற புளிப்புப் பழத்தை உப்பில் ஊறவைத்துக் காயவைக்கும் ஊறுகாயில், பழத்தின் எடையில் சுமார் 18 முதல் 20 சதவீதம் உப்பு, அதோடு பழத்தின் புளிப்பும் உண்டு. நம் எலுமிச்சை ஊறுகாயில் உப்பு, புளிப்பு, எண்ணெய் என்று மூன்று காவல். அசாஸுகேயில் வெறும் 2 சதவீத உப்பு. அந்த உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்து அதைத் துவளச் செய்யும், ருசி கொடுக்கும். ஓ157-ஐ ஒன்றும் செய்யாது. 30 டிகிரி அறையில் அது அந்தத் தண்ணீரிலேயே பெருகும்.

ஐரோப்பாவில் முட்டைக்கோஸைப் புளிக்க வைக்கும்போதும் ஏறக்குறைய இதே உப்புதானே என்று விவரமானவர்கள் கேட்பார்கள். ஆமாம். ஆனால் அங்கே காயைத் தண்ணீருக்குள் அமுக்கி வாரக்கணக்கில் வைத்து, லாக்டிக் அமிலம் ஊறி நல்ல புளிப்பு ஏறிய பிறகுதான் சாப்பிடுவார்கள். அரிசித் தவிட்டில் புதைக்கும் நுகாஸுகேயிலும் அந்த அமிலம்தான் வேலை செய்கிறது. அசாஸுகேயில் புளிப்பு வரும் முன்பே சாப்பிட்டுவிடுகிறோம். மூன்றாம் மாடிப் பெண்ணின் பாட்டிலில் வந்த நுரை, ஏதோ பெருகுகிறது என்று மட்டும்தான் சொன்னது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கும் கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரியாது. ஓ157 இருந்தால் வாசனையும் மாறாது, நிறமும் மாறாது.

சரி, அப்படியானால் செய்யவே வேண்டாமா? நான் வாரத்துக்கு மூன்று நாள் செய்கிறேன். எங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமாக இன்னும் எதுவும் அமையவில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அடுத்த வீட்டு ஒபாசான், அதாவது பாட்டி. எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அவர் செய்வதைத்தான் சொல்கிறேன், சுத்தம் பற்றிய பகுதி மட்டும் என் தொழிலிலிருந்து.

ஜப்பானிய வெள்ளரி ஒன்று சுமார் 100 கிராம் இருக்கும். மூன்று வெள்ளரிக்கு 6 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். தராசு இருந்தால் எடை போடுங்கள், கைக்கணக்கில் போட்டால் எப்போதும் கூடத்தான் விழும். முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெள்ளரியை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸ் என்றால் இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுத்தால் உள்மடிப்பில் தண்ணீர் போகவே போகாது. பலகையும் கத்தியும் அதற்கு முன் கோழியோ மீனோ தொட்டிருக்கக் கூடாது.

அப்புறம் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கழுவிய காயை நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து விநாடி முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த குடிநீரில் போடுங்கள். கழுவினால் கிருமி குறையும், முழுதும் போகாது. மேற்பரப்பில் ஒட்டியிருப்பதை இந்த ஐந்து விநாடி கொன்றுவிடும். ஜப்பான் சுகாதார அமைச்சகமும் இதைத்தான் சொல்கிறது. காய் வெந்துவிடுமே என்று நானும் முதலில் பயந்தேன். வேகாது. வெள்ளரியின் பச்சை இன்னும் பளிச்சென்று ஆகும். ஒபாசான் முதலில் முகம் சுளித்தார். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்றார். அவருக்கு அசாஸுகே என்றாலே அந்தக் கடிக்கும் சத்தம்தான்.

பிறகு வெள்ளரியைச் சாய்வாக நறுக்கி, ஜிப் வைத்த பையில் போட்டு, உப்பு சேர்த்துப் பைக்கு வெளியிலிருந்தே பிசையுங்கள். கை படவே வேண்டாம். கட்டைவிரல் நீளத்துக்குக் கோம்பு என்ற கடற்பாசியைக் கத்தரியால் மெல்லிசாக வெட்டிப் போடுங்கள். விதை எடுத்த ஒரு காய்ந்த மிளகாய். எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த யூசு பழம் கிடைக்கும் காலத்தில் அதன் தோல் கொஞ்சம். காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, தட்டில் படுக்க வைத்து, மேலே ஒரு தண்ணீர் பாட்டிலைப் பாரமாக வைத்து குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். அந்தக் காலத்தில் இதற்கென்றே கல் வைத்திருந்தார்களாம். ஒபாசான் வீட்டில் இன்னும் இருக்கிறது, கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறார்.

அரை மணி கழித்துப் பையைத் தூக்கிப் பாருங்கள். மூலையில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் சேர்ந்திருக்கும். கோம்பு ஊறி விரிந்து, வழுவழுப்பு அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும். வெள்ளரித் துண்டு வளையும், ஆனால் ஒடியாது. அதுதான் பதம். சுத்தமான கரண்டியால் எடுத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டுப் பரிமாறுங்கள். உப்பில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஜப்பானில் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 10 கிராம் அளவுக்கு உப்பு சாப்பிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், லேசான ஊறுகாய்தானே என்று கிண்ணம் நிறைய எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வினிகர் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ருசிக்குச் சேருங்கள். ஒரு ஸ்பூன் வினிகர் போட்டாயிற்று, இனிக் கெடாது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கொதிநீரில் முக்காத அசாஸுகேயை நான் பரிமாற மாட்டேன். ஓ157 நோயை வரவைக்க நூறு கிருமி அளவே போதும். நோய் தெரிய மூன்றிலிருந்து எட்டு நாள் ஆகும் என்பதால், அன்றைக்குத் தின்ற வெள்ளரிக்காய் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடுமையான வயிற்றுவலியோடு மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சிறுநீரகம் வரை பாதிக்கும் நோய் அது. கோடையில் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியிலும் இதை வைக்க வேண்டாம். சூடான சோற்றுக்குப் பக்கத்தில் ஈரமான காய் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் மாடிப் பெண் இப்போது பையின் மேல் பேனாவால் தேதி எழுதி வைக்கிறாள். இரண்டாம் நாள் ராத்திரி மிச்சம் இருந்தால் நான் செய்வதைத்தான் அவளும் செய்கிறாள். பிழிந்து பொடியாக நறுக்கி, சூடான வாணலியில் முட்டையோடும் பழைய சோற்றோடும் போட்டுப் புரட்டிவிடுவோம். வேறு உப்பே வேண்டாம்.