இடுப்பில் ஒரு கிலோ: பெல்ட் ஏன் நெளிகிறது?

அயனாவரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் காவல்துறையில் இருக்கிறார். ஒரு பிரமுகருக்குப் பி.எஸ்.ஓ., அதாவது தனிப் பாதுகாப்பு அலுவலர். பணியில் சீருடை கிடையாது. சஃபாரி சட்டைக்கு அடியில் பெல்ட், பெல்ட்டில் உறை, உறைக்குள் 9 எம்.எம். பிஸ்டல். "ஆறு மாசத்துக்கு ஒரு பெல்ட் வாங்குறோம். நல்ல லெதர்னு சொல்லித்தான் குடுக்குறாங்க. கொஞ்ச நாள்ல உறை மாட்டுற இடம் மட்டும் நெளிஞ்சு, வெளிப்பக்கமா சாஞ்சிடுது. இறுக்கிக் கட்டினா இடுப்புல தடம் விழுது, தொடை எரியுதுங்கறார். எந்த பெல்ட்தான் வாங்குறது? காந்த பெல்ட் போட்டா வலி போயிடும்னு ஒருத்தர் சொல்றார், அது நெஜமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காந்த பெல்ட்டால் இடுப்பு வலி குறைகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, அதைக் காந்தம் இழுக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் அரை மணி நேரம் படுத்திருக்கிறோம். அங்கேயே ரத்தம் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. பெல்ட்டில் தைத்த சின்னக் காந்தம் என்ன செய்துவிடும்? வலியோடு இருப்பவரின் பணத்தை இப்படிப் பறிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். கடிதத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெல்ட் அறுந்துபோனதாக அவர் எழுதவில்லை, நெளிந்து சாய்ந்ததாகத்தான் எழுதியிருக்கிறார். குண்டுகள் நிரப்பிய 9 எம்.எம். பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த எடையைத் தொங்கவிட்டால் நடைபாதைக் கடை பெல்ட்கூட அறுந்துவிடாது. ஆனால் பிஸ்டல் பெல்ட்டுக்கு நேர் கீழே தொங்கவில்லை. பெல்ட்டிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. கைப்பிடி பெல்ட்டுக்கு மேலே இருக்கிறது, குண்டுகள் நிறைந்த மேகசினும் அந்தக் கைப்பிடிக்குள்தான். ஆகவே எடை கீழே இழுப்பதோடு நிற்காமல், பெல்ட்டின் மேல் விளிம்பை உடம்பிலிருந்து வெளியே திருப்பவும் செய்கிறது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரியான திருகல் அது. படியேறும்போதும் ஓடும்போதும் ஒவ்வோர் அடிக்கும் இந்தத் திருகல் கூடிக் குறைகிறது.

அப்போது எல்லோரும் செய்வது, ஒரு துளை உள்ளே தள்ளி இறுக்குவது. பெல்ட் கீழே நழுவுவதற்கு மருந்து இறுக்கம்தான், அது சரி. ஆனால் திருகலைத் தடுக்க வேண்டியது பெல்ட்டின் விறைப்பு. விறைப்பில்லாத பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் எடை முழுவதும் உறைக்குப் பின்னால் உள்ள உள்ளங்கையளவு இடத்திலேயே போய் அழுந்தும். விறைப்பான பெல்ட் அதே எடையை இடுப்பைச் சுற்றிப் பரப்பிவிடும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது இங்கே தோலில் தடமாகத் தெரிகிறது.

அப்படியானால் விறைப்பு எங்கிருந்து வருகிறது? இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதற்கு வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் போதும்.

ஒரே அளவுள்ள கெட்டியான பத்திரிகை அட்டை இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து வளையுங்கள். சுலபமாக வளையும். வளையும்போது ஓரத்தை உற்றுப் பாருங்கள். உள்பக்க அட்டை வெளிப்பக்க அட்டையைத் தாண்டி நூலளவு வெளியே நீண்டிருக்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. இப்போது நடுவே ஃபெவிகால் தடவி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஓர் இரவு காய விடுங்கள். காலையில் வளைத்துப் பாருங்கள். அதே இரண்டு அட்டைதான், ஆனால் பலகை மாதிரி நிற்கும். இரண்டு முனைகளையும் பிடித்துத் திருகினாலும் அப்படித்தான்.

ஏன்? ஒரு பட்டையை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நட்டநடுவில் ஓர் அடுக்கு நீளாமலும் சுருங்காமலும் இருக்கிறது. நடு அடுக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு நீட்சி. தடிமனை இரண்டு மடங்காக்கினால் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. நீள்வதற்கும் சுருங்குவதற்கும் இரண்டு மடங்கு பொருள் இருக்கிறது. அந்தப் பொருள் நடு அடுக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருப்பதால் இரண்டு மடங்கு நீள வேண்டியிருக்கிறது, அதனால் இரண்டு மடங்கு எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு இரண்டு மடங்கு தூரத்தில் நின்று செயல்படுவதால் கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புகிற மாதிரி அதன் பலனும் இரண்டு மடங்கு. இரண்டை இரண்டால் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்குங்கள், எட்டு! தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. திருகலுக்கும் இதே கணக்குதான்.

ஒட்டாத இரண்டு அட்டைகளுக்கு இந்த எட்டு கிடைப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நடு அடுக்கை வைத்துக்கொண்டு தனித்தனியாக வளைகிறது. ஆகவே விறைப்பு இரண்டு மடங்குதான். இரண்டுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் நடுவில் உள்ள பசையின் வேலை. பசை செய்வதெல்லாம் வழுக்கலைத் தடுப்பது மட்டுமே. பத்து அட்டைகளை ஒட்டினால், ஒட்டாத பத்தைவிட நூறு மடங்கு விறைப்பு. கணக்குத் தெரிந்தபிறகும் ஒவ்வொரு முறை அட்டையை வளைக்கும்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பிளைவுட்டும் பழைய மரவண்டிகளின் பட்டை வில்லும் இந்த ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். பிளைவுட்டை வழுக்காமல் ஒட்டினார்கள். வில் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே பட்டைகளை வழுக்க விட்டார்கள்.

பெல்ட்டுக்குத் திரும்புவோம். ஆபீஸ் பெல்ட் சுமார் 3 மி.மீ. தடிமன். துப்பாக்கி சுமக்கவென்று செய்யும் பெல்ட் பெரும்பாலும் இரண்டு தோல்களை ஒட்டித் தைத்து 5 மி.மீ. அளவில் இருக்கும். ஐந்தை மூன்றால் வகுத்து மும்மடி எடுத்தால், அதாவது வந்த எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால், நான்கரை மடங்குக்கு மேல் விறைப்பு. ஆனால் ஒட்டாமல் ஓரத்தில் மட்டும் தையல் போட்ட பெல்ட்டில் நடுப்பகுதி வழுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதங்களில் தையலும் தளரும். நம் வாசகி வாங்கிய பெல்ட்டுகள் பெரும்பாலும் அந்த வகையாகத்தான் இருக்கும். இல்லையென்றால் நடுவில் அட்டையோ ரெக்சினோ வைத்தவை.

அகலத்துக்கு வேறு கணக்கு. இடுப்பெலும்பின் வளைவில் பெல்ட் கீழ்நோக்கித் தொய்வதை எதிர்ப்பது அகலம், அங்கே அகலத்தின் மும்மடி வேலை செய்கிறது. 30 மி.மீ. பெல்ட்டுக்குப் பதில் 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம் எடுத்தால் அந்த எதிர்ப்பு இரண்டு மடங்கு. சாதாரண பேன்ட் லூப்பில் அது நுழையும்.

எடையை இடுப்பில் சுமக்காமல் தோளுக்கு ஏற்றிவிடுவது இன்னொரு வழி. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த சாம் பிரவுன் 1858-இல் சண்டையில் இடது கையை இழந்தார். வாளை உருவும்போது உறையைப் பிடித்துக்கொள்ள மறு கை இல்லை. இடுப்பு பெல்ட்டோடு தோள்மேல் குறுக்கே போகும் ஒரு வாரைச் சேர்த்துக்கொண்டார். காவல் அதிகாரிகள் அணிவகுப்பில் போடும் கிராஸ் பெல்ட் அதன் வழி வந்ததுதான். சஃபாரி சட்டைக்கு மேல் அதைப் போட முடியாது என்பதால் நமக்குப் பயனில்லை.

அடுத்து எந்தத் தோல் என்ற கேள்வி. தோலின் பலம் கொலாஜன் என்ற புரதம். அது எப்படி இருக்கிறது என்பதைக் கண்டறிந்த இடம் நம் சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து 1954-இலும் 1955-இலும் அதன் வடிவத்தை வெளியிட்டார்கள். முப்புரிக் கயிறு! அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்த மூன்று சங்கிலிகள், ஒவ்வொன்றும் இடப்பக்கமாக முறுக்கியது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கியது. தென்னை நாரில் கயிறு திரிப்பவர்கள் செய்வதும் இதைத்தான். புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளை எதிர்ப்பக்கம் சேர்ப்பார்கள், அப்போதுதான் பிரியாது. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. முப்புரியின் நடுவில் உள்ள இடுக்கில் வேறெதுவும் நுழையாது.

அவர்கள் பெல்ட் செய்வதற்காக இதை ஆராயவில்லை. இயற்கை எப்படிக் கட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆராய்ந்தார்கள். இன்றும் நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் "இதனால் உடனே என்ன லாபம்" என்று கேட்டுக்கொண்டுதான் பணம் தருகிறார்கள். அந்தக் கேள்வியை 1952-இல் கிண்டியில் வந்து கேட்டிருந்தால் கொலாஜன் படம் வேறு ஊரில் வந்திருக்கும். இதை எத்தனை கட்டுரையிலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

பச்சைத் தோலை அழுகாமல் காப்பது பதனிடுதல். குரோமிய உப்பால் பதனிட்டால் தோல் மெத்தென்று இருக்கும், சூட்டையும் தாங்கும். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் இதுதான். கைப்பைக்கும் செருப்பின் மேல் தோலுக்கும் அது அருமை. துப்பாக்கி பெல்ட்டுக்கு வேண்டியது பட்டையால் பதனிட்டது. மரப்பட்டையில் உள்ள டானின் கொலாஜன் இழைகளோடு பிணைந்து, இடைவெளிகளையும் நிரப்பிவிடுகிறது. தோல் கெட்டியாகிறது. நம் ஊரில் காலங்காலமாக இதற்கு ஆவாரம்பட்டைதான். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது பூவைச் செருகுகிறோமே, அதே ஆவாரை. மாட்டின் எந்தப் பகுதித் தோல் என்பதும் முக்கியம். முதுகில் இழைகள் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப்பகுதித் தோல் இழுத்தால் நீளும், அதில் செய்த பெல்ட் நிச்சயம் நெளியும்.

சென்னையில் ஒரு சிக்கல் உண்டு, வியர்வை. தண்ணீர் இழைகளுக்கு நடுவே புகுந்தால் தோல் இளகும், இளகிய நேரத்தில் திருகல் விழுந்தால் அந்த வடிவத்திலேயே காய்ந்துவிடும். ஒரு பெல்ட்டையே தினமும் போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்தால் நிழலில், ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள். ஈரத்தோலை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைக்காதீர்கள், சூட்டில் கொலாஜன் சுருங்கும். மிக அதிகமாக வியர்ப்பவர் என்றால் நைலான் பட்டைக்குள் பிளாஸ்டிக் தகடோ மெல்லிய வில் எஃகோ வைத்த பெல்ட் வாங்கலாம். தோலைவிட அதற்கு ஒரு குறைவும் இல்லை என்பது என் கருத்து.

தொடை எரிச்சலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில்தான் இறங்குகிறது. இறுக்கமான பெல்ட் அதை நசுக்கினால் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். பெல்ட்டைத் தளர்த்தியதும் பலருக்குக் குறையும், இருந்தாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

போன வாரம் பெரியமேட்டில் ஒரு தோல் கடைக்குப் போய் நான்கைந்து பெல்ட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பக்கிளை ஒரு கையிலும் ஒரு சாண் தள்ளி மறு கையிலுமாகப் பிடித்துத் திருகினால் பாதிக்கு மேல் துணி மாதிரி திரும்பின. ஒன்று மட்டும் மணிக்கட்டு வலிக்கிற அளவுக்கு எதிர்த்தது. அதன் வெட்டு ஓரத்தில் இரண்டு தோல்களும் நடுவே பசைக்கோடும் தெரிந்தன. அதை மெல்ல வளைத்தபோது அந்தக் கோட்டில் வழுக்கலே இல்லை. கடைப் பெரியவர் என் கையிலிருந்து வாங்கி, விளிம்பில் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் பதிந்தது, ஆனால் தோல் பிதுங்கவில்லை. "முதுகுத் தோலு சார், பட்டைத் தோலு" என்றார். பிறகு கேட்டார்: "உறை கொண்டாந்தீங்களா?"

கொண்டு போகவில்லை. நீங்கள் போகும்போது உறையை மட்டும் எடுத்துப் போங்கள், பிஸ்டல் வேண்டாம். உறையின் லூப் பெல்ட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். அரை சென்டிமீட்டர் தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு விறைப்பான பெல்ட்டிலும் உறை தனியாக ஆடும். துளை போடும்போது உறையை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை அளவெடுக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்காரும்போது வயிறு கேட்கும் இடத்துக்கு இன்னும் ஒரு துளை தேவைப்படும்.