வாசலிலிருந்து முதல் பெஞ்சு வரை

வாழ்வதற்குச் சிறந்த நகரங்கள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வரும், பார்த்திருப்பீர்கள். எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 173 நகரங்களை எடுத்துக்கொண்டு நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்று ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறது. 2022 முதல் 2024 வரை வியன்னா முதலிடம், 2025-ல் கோபன்ஹேகன். பட்டியல் வந்த வாரம், என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் குடியேற எந்த ஊர் நல்லது?"

நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் என்று பலரை மறுபடி நடக்க வைப்பது என் வேலை. ஊரின் பெயரைச் சொல்வதற்குப் பதில் நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன். வீட்டு வாசலில் இறங்கினால், துணை இல்லாமல் அவர்களால் எவ்வளவு தூரம் போய்வர முடியும்? ஒரு நகரம் நல்லதா இல்லையா என்பதற்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பாட்டி.

அவருக்கு 76 வயது. இடுப்பு அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சிகிச்சை அறையில் கைத்தடியோடு 200 மீட்டர் நிற்காமல் நடப்பார், படி ஏறி இறங்குவார். எனக்குப் பெரிய திருப்தி. ஆனால் மகள் வந்து, "வீட்டை விட்டு வெளியே கிளம்புறதே இல்லை, பயம்னு சொல்றாங்க" என்றார். எதைக் கண்டு பயம் என்று பார்க்க ஒருநாள் நானே கூடப் போனேன்.

கேட்டைத் தாண்டியதும் நடைபாதை ஒரு சாண் உயரத்தில் நின்றது. நான் பயிற்சி கொடுத்த படி அந்த உயரம் இல்லை, அதற்குக் கைப்பிடியும் உண்டு. இங்கே பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. ஏறி நாலு எட்டு வைத்ததும் ஒரு கல் ஆடியது. ஊன்றிய தடி வழுக்க, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பாதையின் நட்டநடுவில் ஒரு மின்கம்பம். சாலையில் இறங்கி, சுற்றி, மறுபடி ஏற வேண்டும். இடுப்பு அறுவை செய்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதில்தான் பயம் அதிகம். 150 மீட்டரில் நான்கு முறை இறங்கி ஏறினோம். உட்கார ஒரு இடம் இல்லை. "ஏம்மா, அங்க உன் ரூம்ல நல்லாத்தானே நடந்தேன்?" என்று கேட்டார், தப்பு தன்னுடையது என்பது போல. அவர் கால் தேறிவிட்டது. தெரு தேறவில்லை.

சிக்னல் இன்னும் மோசம். பாதசாரிகளுக்கான பச்சை விளக்கின் நேரத்தை, ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக் கணக்கிடுவது பல நாடுகளில் நெடுநாள் வழக்கம். 65 வயதைக் கடந்தவர்களைப் பற்றி இங்கிலாந்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8 மீட்டர். 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 10 நொடி கொடுத்தால், 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு விளக்கு மாறும்போது இன்னும் 4 மீட்டர் பாக்கி இருக்கும். அந்த 4 மீட்டரில் எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பவர்களின் நடுவே ஒருமுறை மாட்டிக்கொண்டவர், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டார். சிங்கப்பூரில் 2009 முதல் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் இருக்கும் கருவியில் தொட்டால், சாலையின் அகலத்தைப் பொறுத்துப் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரியும். மேம்பாலம் கட்டும் செலவில் எத்தனை சிக்னல்களை இப்படி மாற்றலாம்! பாதசாரிக்கு என்று கட்டும் நடைமேம்பாலத்தில் என் நோயாளிகளில் பாதிப் பேரால் ஏற முடியாது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சிக்கல்கள். பாட்டி வெளியே போகாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னார்: "நீ வர்றேன்னதால காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கலம்மா. வழியில அவசரம்னா எங்க போறது?"

அன்றிலிருந்து இதை எல்லோரிடமும் கேட்கிறேன். வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரைக் குறைப்பவர்கள் அத்தனை பேர், பெண்கள் ரொம்பவே அதிகம். தண்ணீர் குறைந்தால் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், சிறுநீர்த் தொற்று வரும். வயதானவர்கள் கீழே விழ இவை இரண்டுமே போதும். விழுந்தால் மறுபடி எலும்பு முறிவு. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, தெருமுனையில் இல்லாமல் போன ஒரு சுத்தமான கழிப்பறை. நகரத்தின் பெருமைகளைச் சொல்லும்போது யாரும் கழிப்பறையைச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் பூங்காவுக்கு முன்னால் அதைத்தான் சொல்வேன்.

வெளியே போகாவிட்டால் என்ன, வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டுமே என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. 1995 ஜூலையில் சிகாகோவில் கடும் வெப்ப அலை வீசி, வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்ற இரண்டு பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழைகள், தனியாக வாழும் முதியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் இறந்திருந்தார்கள், தெற்கில் 4 பேர். தெற்கில் தெருவில் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருந்தன, முதியவர்களும் பயமில்லாமல் வெளியே வந்து போனார்கள். வடக்கில் மூடிய கடைகள், காலி மனைகள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களை விசாரிக்க யாருமில்லை. அவர்களுக்கு வீடு பத்திரமான இடமாக இருக்கவில்லை.

மனிதர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிக்கும் இதே வேலையைத்தான் வாகனங்களும் செய்கின்றன. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் மூன்று நண்பர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. இது 1970-ஐ ஒட்டிய கணக்கு. இன்று வண்டிகள் கூடியிருக்கின்றன, குறையவில்லை.

அதனால் பெற்றோருக்காக வீடு பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வீட்டுக்குள் பார்த்தது போதும், தெருவில் இறங்குங்கள். சக்கரம் வைத்த கனமான பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதை எங்கும் தூக்காமல் அடுத்த பேருந்து நிறுத்தம் வரை இழுத்துப் பாருங்கள். எங்கெல்லாம் தூக்க வேண்டி வருகிறதோ அங்கெல்லாம் சக்கர நாற்காலி நின்றுவிடும். முதல் பெஞ்சு எத்தனையாவது எட்டில் வருகிறது என்று எண்ணுங்கள். கைப்பிடி உள்ள பெஞ்சாக இருந்தால் இன்னும் நல்லது, அதை ஊன்றித்தான் எழ முடியும். மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, விளக்கு எரியும் நேரத்தில் ஒருமுறை போங்கள். தனியாக நடக்கும் வயதானவர்களும் பெரியவர் துணையில்லாத குழந்தைகளும் கண்ணில் படுகிறார்களா என்று பாருங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், ஆடும் கல்லையும் நடுவில் நிற்கும் கம்பத்தையும் படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு நகராட்சிக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். நான் எழுதியதில் ஒரு சரிவுப் பாதை வந்தது, கம்பம் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

பாட்டி இப்போது வாரத்தில் மூன்று நாள் நூலகத்துக்குப் போய்வருகிறார். நேர்வழியில் சிக்னல் இருப்பதால் சுற்றுவழியில், இருபது நிமிடம் கூடுதலாக நடந்து. ஏன் நூலகம் என்று கேட்டேன். அங்கே கழிப்பறை இருக்கிறதாம். கிளம்பும்போது ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறார்.