ஆஸ்பத்திரி வீல்சேரில் ஷட்டில் ஆட வைக்காதீர்கள்

போன வாரம் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கமிருந்து ஒரு பையனை அழைத்து வந்தார்கள். தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன பிள்ளை. இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவன், மூன்று மாதமாக ஊர் மண்டபத்தில் ஷட்டில் ஆடுகிறான். "தோலு லேசா உரிஞ்சிருக்கு சார், அம்புட்டுதான்" என்றார் அம்மா. ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தேன். உட்காரும் எலும்புக்கு நேரே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது. சுற்றிலும் சதை சேறு மாதிரி அமுங்கியது. அழுத்தத்தால் வந்த புண். பையனுக்கு வலியே தெரியவில்லை.

இந்த வருடம் இப்படி வந்ததில் இவன் நான்காவது ஆள். நாலு பேரும் ஆடியது ஆஸ்பத்திரி வீல்சேரில்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனீஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வாங்கியதிலிருந்து நம் மாவட்டத்திலும் ஆர்வம் கூடியிருக்கிறது. மனசார சந்தோஷம். ஆனால் அவர்கள் மூவரும் நின்று ஆடுகிறவர்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் ஆடும் பிரிவு வேறு, அதற்கு வேண்டிய நாற்காலியும் வேறு.

"சேர்னா எல்லாம் ஒண்ணுதானே சார்?" என்று கேட்கிறார்கள். இல்லை. ஆஸ்பத்திரி வீல்சேர் நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு இன்னொருவர் தள்ளிக்கொண்டு போகச் செய்தது. அதன் ரெக்சின் இருக்கை நாளாக நாளாகத் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். உயரமான முதுகுச் சாய்வு தோள்பட்டையைத் திருப்ப விடாது. சக்கரமோ நேராக நிற்கும். விளையாட்டு நாற்காலியின் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கும், முதுகுச் சாய்வு தாழ்ந்திருக்கும், பின்பக்கம் கவிழாமல் தாங்க ஒரு சின்னச் சக்கரம் இருக்கும்.

அந்தச் சின்னச் சக்கரம் ஏன் என்று ஆட்டத்தைப் பார்த்தால் புரியும். வீல்சேர் ஒற்றையர் ஆட்டத்தில் கோர்ட்டின் பாதி அகலம்தான். வலைக்கும் முன் சர்வீஸ் கோட்டுக்கும் நடுவே காக் (இறகுப் பந்து) விழுந்தால் அவுட். வலையோ நின்று ஆடுகிறவர்களுக்கு உள்ள அதே உயரம், நடுவில் 1.524 மீட்டர். அப்படியென்றால் எதிராளி இறகுப் பந்தை உயரத் தூக்கிப் பின்னால்தான் போடுவான். நம் பிள்ளை பின்னால் உருண்டு, அண்ணாந்து, சாய்ந்து அடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வீல்சேர் அந்த இடத்தில்தான் மல்லாக்கக் கவிழும். நான்கு பேரில் ஒருவருக்குத் தலையில் ஆறு தையல்.

இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் கட்டிக்கொள்ள விதியே இடம் தருகிறது. பாதத்தைப் பலகையோடு கட்டித்தான் ஆக வேண்டும். கட்டினால் கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இன்னொன்று. ஊனச் சான்றிதழில் 80 சதவீதம், அதனால் இந்தப் பிரிவு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சதவீதம் அரசு உதவிக்கு. ஆட்டப் பிரிவை, உடம்பு எவ்வளவு அசைகிறது, உட்கார்ந்த நிலையில் நடுவுடம்பு சாயாமல் நிற்கிறதா என்று சோதித்துத்தான் பிரிப்பார்கள்.

தினமும் இரவு கைக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி பிடிக்க முடியாவிட்டால் அம்மாவோ அண்ணனோ பார்க்கட்டும், இதில் வெட்கத்துக்கு இடமில்லை. சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுநாள் ஆட்டம் கிடையாது. ஆடும்போது கால் மணிக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள். குஷன் கட்டாயம், ஆனால் தொங்கிய ரெக்சின் மேல் போட்ட குஷனால் பயனில்லை.

நம்மூரில் காற்றுக்கு காக் பறப்பதால் மண்டபத்துக்குள் ஆடுகிறோம், அங்கேயும் காக் திசைமாறும் என்று ஃபேனை அணைத்துவிடுகிறோம். கழுத்துப் பக்கம் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வேர்வை சரியாக வராது, உடம்பு கொதித்துவிடும். ஈரத்துணி கையருகே இருக்கட்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு: திடீரென்று மண்டை வெடிக்கும் தலைவலி வந்து முகம் சிவந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

செயற்கைக் கால் போட்டு ஆடுகிறவர்களும் ஆட்டம் முடிந்ததும் கழற்றி, ஸ்டம்பை, அதாவது காலின் மிச்ச நுனியைப் பாருங்கள்.

நன்கொடை தரும் நல்ல மனசுக்காரர்களிடமும் சங்கங்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பத்து ஆஸ்பத்திரி வீல்சேருக்குப் பதில் ஒரே ஒரு விளையாட்டு நாற்காலி வாங்குங்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஆடப்போகிற பிள்ளையை உட்கார வைத்து இடுப்பகலம், தொடை நீளம் இரண்டையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிறம், பேனர், போட்டோ எல்லாம் அப்புறம்.

கருங்கல் பையன் இப்போது குப்புறப் படுத்திருக்கிறான். மட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். "வச்சுக்கோ மக்களே" என்றார் அம்மா.