விடுதலையான ஆயுள் கைதியை மேடைக்கு அழைக்கும் முன்

குற்றவியல் வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவரும் வழக்கறிஞன் நான். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, பதினாறு ஆண்டுகள் சிறையில் கழித்து, முன்விடுதலையில் வெளியே வந்த என் கட்சிக்காரர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் பேச அழைத்துச் சென்றேன். கோபத்தால் வரும் கேடு என்பது தலைப்பு. ஏற்பாட்டில் பாதி என்னுடையது. சிறையிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கியவர் அவர், நன்றாகப் பேசக்கூடியவர். அரங்கில் நானூறு மாணவர்கள் இருந்திருப்பார்கள். வாய்க்கால் தகராறில் தொடங்கி, அன்று இரவு அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் கிளம்பியதுவரை அவர் சொல்லி வந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு விசில் எழுந்தது, தொடர்ந்து கைதட்டல். அவர் ஒரு நொடி தடுமாறினார். பிறகு குரலைச் சற்றே உயர்த்திக்கொண்டு மேலே பேசினார். சிறையில் அழுத இரவுகளைப் பற்றிச் சொன்னபோது அரங்கு மரியாதையாக அமைதி காத்தது, தட்டியது அரிவாளுக்குத்தான்.

அந்தப் பேச்சை யாரோ கைப்பேசியில் பதிவுசெய்து, வெட்டி, பின்னணி இசை சேர்த்து யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, கொல்லப்பட்டவரின் தங்கை என் அலுவலகத்துக்கு வந்தார். தையல் கடை வைத்திருப்பவர்; கழுத்தில் இஞ்சி டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கைப்பேசியை மேசைமேல் வைத்து, "வீடியோவைப் பாக்க வேணாம் சார், கீழ எழுதியிருக்கதை மட்டும் படிங்க" என்றார். 'தலைவா', 'சிங்கம்ணே நீங்க', 'செம மாஸ்' என்று கருத்துகள் நீண்டுகொண்டே போயின. செத்தவர் யார், அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. கேட்கவும் வழியில்லை, முப்பத்தைந்து நிமிடப் பேச்சில் 'எதிராளி' என்ற ஒரு சொல்லைத் தவிர அவருக்குப் பெயரே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே வழக்கின் குற்றப்பத்திரிகையில் அந்தப் பெயரை நூறு தடவையாவது படித்திருப்பேன்.

வன்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் பிற்காலத்தில் பொதுவெளியில் நின்று ஒரு நல்ல காரியத்துக்காகப் பேசத் தகுதியுள்ளவர்தானா என்று என்னைக் கேட்டால், தகுதி உண்டு என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அவரை அழைக்கிற கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் யூடியூப் சேனல்களும் விடுதலையையும் மேடையையும் ஒன்றாகவே பார்க்கின்றன. அரசே வெளியே விட்டுவிட்டது, நாம் ஏன் மைக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். இந்த இரண்டும் எவ்வளவு வேறானவை என்பதைச் சட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டு என்று நன்கு படித்தவர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயுள் தண்டனை ஆயுள் முடியும்வரைதான் என்று 1961-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க ஒரு குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை இத்தனை ஆண்டுக்கு முன் விடக் கூடாது என்று, 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்ட கீழெல்லைதான் பதினான்கு. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 475-ஆம் பிரிவு. தலைவர்களின் பிறந்தநாளையொட்டி நம் மாநிலத்தில் நடக்கும் விடுதலைகள் பெரும்பாலும் அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவின்கீழ் ஆளுநர் பெயரில் வருபவை. எந்த வழியில் வந்தாலும், மீதித் தண்டனையை அனுபவிக்க வேண்டியதில்லை என்பதற்கு மேல் அந்த உத்தரவில் எதுவும் இல்லை. தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அவர் குற்றவாளி என்ற முடிவும் இருக்கிறது. மற்ற பொறுப்புகளுக்குச் சட்டம் தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது: ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே வழக்கறிஞராகப் பதிவுசெய்யலாம், தேர்தலில் நிற்க ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். என்றைக்கும் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, மறுநாளே வா என்றும் சொல்லவில்லை. பேச்சு மேடைக்கு மட்டும் எந்தக் கணக்கும் கிடையாது, இருக்கவும் கூடாது. அதனால்தான் பொறுப்பு முழுவதும் அழைப்பவர் தலையில் விழுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தான் அந்தக் குற்றத்தைச் செய்யவே இல்லை என்று சொல்பவரிடம் போய் மனம் வருந்தினாயா என்று கேட்பது அபத்தம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-இல் பத்தொன்பது வயதில் கைதாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி விடுவித்த பேரறிவாளனுக்குக் கிடைத்த வரவேற்பு, தீர்ப்பு சரியா என்ற நெடிய வாதத்தின் தொடர்ச்சி. வரவேற்றவர்களுக்கும், வாயில் வெள்ளைத் துணி கட்டி மறுநாள் போராடிய காங்கிரஸ்காரர்களுக்கும் இடையே இருந்த கேள்வி வேறு. நான் பேசுவது, செய்தேன் என்று ஒப்புக்கொண்டு மேடையேறுபவர்களைப் பற்றி.

முன்னே சொன்ன 1961 வழக்கைத் தொடுத்தவர் யார் தெரியுமா? காந்தி கொலைச் சதியில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த கோபால் கோட்சே. தண்டனைக் கழிவுகளையெல்லாம் கூட்டினால் தன் காலம் முடிந்துவிட்டது என்று வாதாடித் தோற்றார். ஆனால் 1964 அக்டோபரில் அரசே அவரை விட்டது. அடுத்த மாதம் புணேயில் அவரையும் உடன் விடுதலையான விஷ்ணு கர்கரேயையும் வரவேற்று ஒரு பூசையும் கூட்டமும் நடத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் கேட்கர் என்பவர், கொலைத் திட்டம் தனக்கு முன்பே தெரியும் என்று பெருமையாகச் சொல்லப்போக, நாடாளுமன்றம்வரை கொந்தளித்து, கடைசியில் காந்தி கொலைச் சதியை மறுபடி விசாரித்த நீதிபதி கபூர் ஆணையத்தில் போய் நின்றது. கோட்சே திரும்பவும் ஓராண்டுக்காலம் காவலில் வைக்கப்பட்டார். அதன் பிறகு 2005-இல் சாகும்வரை அந்தக் கொலையை நியாயப்படுத்தியே பேசினார், எழுதினார். தண்டனை கழித்தவர்தான், சட்டப்படி பேச உரிமையுள்ளவர்தான். ஆனால் அவருக்கு மேடை போட்டவர்கள் எதைக் கொண்டாடினார்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது.

அந்தப் பூசைக் கூட்டத்தின் வாரிசுகளை நாம் அண்மையிலும் பார்த்தோம். 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்புணர்வும் கொலைகளும் செய்ததற்காக ஆயுள் பெற்ற, பில்கிஸ் பானு வழக்கின் பதினோரு பேரும் 2022 ஆகஸ்ட் 15 அன்று கோத்ரா சிறையிலிருந்து வெளியே வந்தபோது மாலையும் இனிப்பும் காத்திருந்தன. அந்த விடுதலை செல்லாது என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. குஜராத் எங்கோ இருக்கிறது என்று நாம் ஆறுதல்பட முடியாது. சாதிக் கொலையில் உள்ளே போனவர் வெளியே வரும் நாளில் ஊர் எல்லையில் ஃப்ளெக்ஸ் கட்டும் வழக்கம் நம்மிடமும் உண்டு. மேலூர் அருகே மேலவளவில் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவரானதற்காக, 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன்வந்த ஐந்து பேரையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கில் ஆயுள் பெற்றவர்களில் பதின்மூன்று பேர் 2019 நவம்பரில் ஓர் அரசாணையால் வெளியே வந்தார்கள். அதே ஊரில், அதே பேருந்துப் பாதையில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன. இப்படிப்பட்ட குற்றத்தில் திருந்தியவர் ஒருவர் உண்மையிலேயே பேச வந்தால், முதலில் அவர் பேச வேண்டியது தனக்கு மாலை போடத் துடிக்கும் சொந்தச் சாதிக்காரர்களிடம்தான். அதை ஒருவர் செய்தால் அதைவிடப் பயனுள்ள பேச்சு வேறு இல்லை. நான் நடத்திய வழக்குகளில் அப்படி ஒருவரை இதுவரை பார்க்கவில்லை.

இனி பயனைப் பற்றி. கைதியின் வாயாலேயே கேட்டால் பையன்கள் பயந்து திருந்துவார்கள் என்பது எல்லா ஏற்பாட்டாளர்களும் சொல்லும் காரணம். இதை அமெரிக்கர்கள் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில், வழிதவறும் விடலைப் பிள்ளைகளை உள்ளே அழைத்து வந்து, ஆயுள் கைதிகளை விட்டுச் சிறை வாழ்க்கையை உரக்கச் சொல்லி மிரட்டும் திட்டம் தொடங்கியது. நாடெங்கும் பரவியது, தொலைக்காட்சியிலும் புகழ்பெற்றது. பிற்பாடு, இவ்வகைத் திட்டங்களைப் பற்றிய ஒன்பது சோதனை ஆய்வுகளை ஒருங்கே எடுத்து ஆராய்ந்தபோது, குற்றம் குறையவில்லை, போகாத பிள்ளைகளைவிடப் போய்வந்த பிள்ளைகளே பின்னர் அதிகம் குற்றம் செய்தார்கள் என்று தெரியவந்தது. நம் கல்லூரி அரங்கில் எழுந்த அந்த விசிலை நினைத்தால் எனக்கு இதில் வியப்பில்லை. பத்தொன்பது வயதுப் பையன் மேடையில் பார்ப்பது பதினாறு ஆண்டு இழப்பை இல்லை. அதைத் தாங்கிவிட்டு நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆளை.

மேடையே இல்லாமல் இதே மனிதர்களின் அனுபவத்தைப் பயன்படுத்தும் வழியும் உண்டு. தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின் 2000-இல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்டு பார்க் பகுதியில் தொடங்கிய திட்டத்தில், முன்பு கும்பல்களில் இருந்து சிறை சென்று வந்தவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். ஒருவன் சுடப்பட்டால், பழிக்குப் பழி வாங்க அவன் கூட்டாளிகள் கிளம்புவதற்குள் மருத்துவமனை வாசலிலோ தெருமுனையிலோ போய் அவர்களைத் தடுத்துப் பேசுவதே வேலை. எல்லா நகரங்களிலும் ஒரேபோல் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் அங்கே அவருடைய பழைய வாழ்க்கை ஒரு கதையாக விற்கப்படவில்லை. அந்தத் தெருவில் யார் யாருக்குப் பகை என்ற அறிவாகப் பயன்பட்டது.

ஒருவரைத் திருந்தியவர் என்று சுவரொட்டியில் ஏற்றுவதில் இருக்கும் ஆபத்துக்கு, 2019 நவம்பர் 29 அன்று லண்டன் பாலத்தருகே ஃபிஷ்மாங்கர்ஸ் மண்டபத்தில் நடந்ததைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது. கைதிகளுக்குக் கல்வி அளிக்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றின் ஐந்தாம் ஆண்டு விழா. பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்று வெளிவந்திருந்த உஸ்மான் கான், அந்தத் திட்டத்தின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக முன்பே காட்டப்பட்டவர். விழாவுக்கு வந்த அவரே அங்கே ஜாக் மெரிட், சாஸ்கியா ஜோன்ஸ் என்ற இரண்டு இளைஞர்களைக் குத்திக் கொன்றார். அவரைத் துரத்திச் சென்று மடக்கியவர்களில் ஒருவர் ஸ்டீவன் காலன்ட். 2005-இல் செய்த கொலைக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டு, அன்று ஒருநாள் அனுமதியில் வந்திருந்தவர். பிறகு அரச கருணையால் அவருடைய குறைந்தபட்சக் காலத்தில் பத்து மாதம் குறைக்கப்பட்டது. திருந்துதல் பொய் என்பவருக்கும் மெய் என்பவருக்கும் ஒரே மண்டபத்தில் ஆதாரம் கிடைத்துவிட்டது. எனக்குப் படுவது வேறு: யார் எப்படி மாறியிருக்கிறார் என்பது விழா நடத்தியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேடையில் நன்றாகப் பேசுவது அதைத் தெரிந்துகொள்ளும் வழியே கிடையாது.

பேசுபவருக்கும் இதில் கேடு இருக்கிறது. போலீஸ் சான்று கேட்கும் எந்த வேலையிலும் ஆயுள் கைதியைச் சேர்க்க மாட்டார்கள். கூட்டத்துக்கு இரண்டாயிரம் ரூபாயும் சால்வையும் கிடைக்கும்போது, தன் வாழ்வின் மிக மோசமான இரவையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பிழைக்கும் நிலைக்கு அவர் வந்துவிடுகிறார். அந்தத் தங்கை வந்துபோன அன்று மாலை என் கட்சிக்காரரை வரச்சொல்லி நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலாவது கூட்டத்துலயே எந்த இடத்துல கை தட்டுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு சார்" என்றார். கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. முதல் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போனவன் நான்.

இப்போது யாராவது ஓர் ஆயுள் கைதியைப் பேச அனுப்பும்படி கேட்டால், கொஞ்சம் எரிச்சலூட்டும்படியே விசாரிக்கிறேன். கொல்லப்பட்டவரின் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது, அந்த ஊருக்கு இந்தப் பேச்சு எட்டுமா, அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியாயிற்றா என்று கேட்பேன். அவர்களிடம் அனுமதி கேட்கச் சொல்வதில்லை. மன்னிக்கிற சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம். தகவல் மட்டும், அதுவும் ஒரு மூன்றாம் ஆள் மூலமாக. பேசுபவர் செய்த செயலை 'அப்படி ஆகிப்போச்சு' என்று சொல்கிறாரா, 'செய்தேன்' என்று சொல்கிறாரா என்பதை நானே ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுவேன். காணொலி கூடாது என்று எழுதி வாங்குவேன். பாதிப்பேர் இத்தோடு வேண்டாம் என்று போய்விடுவார்கள்.

போன ஆண்டு ஒரு சிறார் கூர்நோக்கு இல்லத்தில் என் கட்சிக்காரர் பேசினார். பன்னிரண்டு பையன்கள், தரையில் பாய் விரித்து வட்டமாக. மைக் இல்லை, கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கொல்லப்பட்டவரின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார். இருபத்தாறு வயது, சென்ட்ரிங் வேலை, தங்கை கல்யாணத்துக்குச் சீட்டுப் போட்டிருந்தார், இன்னும் நாலு தவணை பாக்கி இருந்தது என்றார். அரிவாளைப் பற்றி ஒரு வாக்கியம்தான். பேசி முடித்ததும் நெடுநேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பையன், "ஜெயில்ல ஞாயித்துக்கிழம கறி போடுவாங்களாண்ணே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்; அவரும் சிரித்துவிட்டு, போடுவார்கள் என்று சொல்லி, எத்தனை துண்டு என்றும் சொன்னார்.