"மருதம்பட்டைப் பொடியும் சேர்த்துக்கலாமா, டாக்டர்?"

இதய நோய்க்கு நான் எழுதித் தந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகுதான் பலர் இதைக் கேட்கிறார்கள். கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். கேட்காமல் சாப்பிடுபவர்களை நினைத்துத்தான் கவலை.

மூலிகைக்கு வீரியம் கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். இதயத்துக்குத் தரும் டிஜாக்சின் மாத்திரையே டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து வந்ததுதான். 1785இல் அந்தச் செடியைப் பற்றி எழுதிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங், அளவு மிஞ்சினால் வாந்தி வரும், பார்வை மாறும், நாடி மந்தமாகும் என்று அப்போதே எச்சரித்திருக்கிறார். மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று தெரியும். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் அளந்தும் பார்க்கலாம். ஒரு கரண்டிப் பொடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது?

சரி, மருதம்பட்டைக்கு வருவோம். தொடக்கத்தில் நடந்த சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை மறைத்து நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் வழக்கமான மாத்திரைகளோடு 12 வாரம் இதையும் எடுத்தார்கள். இதயத்தின் ரத்தம் தள்ளும் திறன் குறிப்பிடும்படி கூடவில்லை. பூண்டு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொஞ்சம் குறைக்கிறது. ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

என்னை உண்மையில் பயமுறுத்துவது அதிமதுரம். இருமலுக்குத்தானே என்று தினமும் மெல்லுவார்கள். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, ரத்தக்கொதிப்பை ஏற்றி, பொட்டாசியத்தை வெளியேற்றும். நீர் பிரியும் மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவைதான். இரண்டும் சேர்ந்தால் கால் தசை பிடித்து இழுக்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். கூடவே டிஜாக்சினும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். காரணம் தெரியாமல் நாங்கள் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு மாத்திரை, ஜிங்கோ என்ற மூலிகை போன்றவற்றைத் தாங்களாகவே தொடங்க வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம். சமையலில் போடும் பூண்டை நான் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால், எந்தப் பொடி சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தப் பொடி டப்பாவையும் எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். அதற்காக, ரத்தக்குழாய் அடைப்பை விரிக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்த பிறகு தந்த மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் எந்தக் கஷாயமும் கைகொடுக்காது.